வெள்ளம் ஊருக்குள் வருகிறதா, ஊர் வெள்ளத்திற்குள் போனதா? பள்ளிக்கரணை முதல் கோவளம் வரை



நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ குத்பா நிகழ்த்திக் கொண்டிருந்தபோது ஒருவர் வந்து வறட்சியை முறையிட்டார். நபியவர்கள் கையேந்திப் பிரார்த்தித்தார்கள், மழை பொழிந்தது. அடுத்த ஜும்ஆ வரை அது விடவில்லை. வீடுகள் இடிகின்றன என்று முறையீடு வந்ததும், மழையை எங்கள் மீது அல்லாமல் எங்களைச் சுற்றிலும், குன்றுகளிலும் ஓடைப் பள்ளத்தாக்குகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியச் செய்யுமாறு இறைவனிடம் கேட்டார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது.

மழையே வேண்டாம் என்று நபியவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீருக்கென்று இடங்கள் உண்டு; அது அங்கே போகட்டும் என்றே கேட்டார்கள். அந்த இடங்களில் நாம் வீடு கட்டிக் கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்சென்னை ஓர் உதாரணம்.

தண்ணீர் போகும் பாதை

மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று வரிசையாக ஏரிகள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே மிகுதி நீர் அடுத்த தாழ்வான இடத்திற்கு இறங்கும். கடைசியில் எல்லாம் சேருமிடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குச் சென்று, தெற்கே ஏறத்தாழ 15 கி.மீ. ஓடி, முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும்.

இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 250 சதுர கி.மீ. ஒரே நாளில் 25 செ.மீ. மழை பெய்தால் இப்பரப்பில் விழும் நீர் இரண்டு டி.எம்.சி.யைத் தாண்டும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் பாதிக்கும் மேல்! இவ்வளவும் கடைசியில் ஒரு குறுகிய மடுவின் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

ஏன் வடிய மறுக்கிறது?

கடலோர ஓடைகளில் வெள்ளம் இரு பக்கமும் நெருக்கப்படுகிறது. மேலிருந்து மழைநீர் இறங்குகிறது. கீழே கடல் நாளொன்றுக்கு இரு முறை ஏறி இறங்குகிறது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஓடை நீர் வெளியேறாமல் தேங்கும். புயல் வந்தால் கடல் மட்டம் இன்னும் உயரும். முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருந்தால் வாசலே மூடியதாகிவிடும். நிலமும் ஏறக்குறைய சமதளம் என்பதால் தண்ணீருக்கு ஓடும் வேகம் இல்லை.

ஆகவே நீர் சில நாட்கள் காத்திருக்க ஓர் இடம் தேவை. அந்த இடம்தான் சதுப்பு நிலம். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். அரை நூற்றாண்டுக்கு முன் சுமார் 5,000 ஹெக்டேராக இருந்த இச்சதுப்பில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. குப்பைக் கிடங்கு, சாலைகள், அலுவலகங்கள், குடியிருப்புகள் மற்றதை எடுத்துக் கொண்டன. சதுப்பில் நிற்க வேண்டிய நீர் 2015லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீடுகளுக்குள் நின்றது.

2022ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இது நல்ல செய்தி. ஆனால் மடுவும் கால்வாயும் முகத்துவாரமும் திறந்திருந்தால்தான் சதுப்பு அடுத்த மழைக்குள் காலியாகும். ஒன்றை விட்டு மற்றொன்றைக் காப்பதில் பயனில்லை.

"நூறு ஆண்டு வெள்ளம்" என்றால்?

நூறு ஆண்டுக்கு ஒரு முறைதானே என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அது தவறு. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது ஆண்டுகள் அங்கு குடியிருப்பவர் அதை ஒரு முறையாவது சந்திக்க ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

நாம் செய்ய வேண்டியது

கிணறு, ஆறு, வாய்க்கால் ஆகியவற்றைச் சுற்றி எவரும் ஆக்கிரமிக்கக் கூடாத எல்லையை ஃபிக்ஹு நூல்கள் 'ஹரீம்' என்கின்றன. இன்று வெள்ளச் சமவெளி மேலாண்மை என்று சொல்லப்படுவதன் சாரமும் இதுவே: தண்ணீருக்குரிய நிலத்தைத் தண்ணீருக்கு விடுவது.

மனை வாங்குமுன் பட்டாவை மட்டும் பார்க்காதீர்கள். கிராம 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் ஏரி, ஓடை, கழுவெளி என்று இருக்கிறதா எனப் பாருங்கள். மழைக்காலத்தில் நேரில் சென்று, அங்குள்ள பெரியவர்களிடம் 2015ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். மண் கொட்டி மனையை உயர்த்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மனையில் நிற்க வேண்டிய நீர் அண்டை வீட்டாரின் வாசலுக்குப் போகும். பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை.

பள்ளிவாசல், மதரஸாவுக்கு இடம் தேடும் நிர்வாகிகளுக்கு இது இன்னும் பொருந்தும். விலை குறைவு என்று நீர்வழியில் வாங்கிய இடம், மக்கள் தந்த வக்ஃபுப் பணத்தை வெள்ளத்தில் வைப்பதாகும்.

2015ல் நம் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் கதவைத் திறந்தன. இளைஞர்கள் கழுத்தளவு நீரில் இறங்கி உதவினார்கள். அல்ஹம்து லில்லாஹ். அந்த உழைப்பில் ஒரு பகுதியை மழைக்கு முன்பே மஹல்லாவின் வாய்க்கால் அடைப்பைப் பற்றி மனு கொடுப்பதிலும் காட்டினால், அடுத்த மழையில் படகு தேடும் வேலை குறையும், இன்ஷா அல்லாஹ்.