எதிரெதிர் இருக்கைகள்

சேலம், நாமக்கல் சமவெளியை அறிந்தோர்க்குக் குமரமங்கலம் புதிய பெயரன்று. திருச்செங்கோட்டை அடுத்துள்ள சிற்றூர் அது. நடுவண் அரசில் கட்சிகள் ஒன்றோடொன்று பொருதும் முறை எவ்வாறு மாறிவந்துள்ளது என்று ஆராயப் புகுவோர், தில்லிக்குச் செல்லுமுன் இவ்வூரில் சற்றே நின்று செல்லலாம். இவ்வூர் நிலக்கிழார் குடும்பம் ஒன்றே காங்கிரசுக்கும் பொதுவுடைமைக் கட்சிக்கும், பின்னர்ப் பாரதிய சனதா கட்சிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களை அளித்தது.

அக்குடும்பத்தின் தலைவர் டாக்டர் ப. சுப்பராயன். இரட்டையாட்சிக் காலமாகிய 1926-இல் சென்னை மாகாணத் தேர்தலில் சுயராச்சியக் கட்சி முதலிடம் பெற்றும் அமைச்சரவை அமைக்க மறுத்தது. கட்சி சாராத சுப்பராயன் முதலமைச்சரானார். 1928-இல் சைமன் குழுவைப் புறக்கணிப்பதா என்ற வினா எழவே, உடன் அமைச்சர் இருவரும் விலகினர். அதுவரை எதிர்த்து நின்ற நீதிக்கட்சி ஆதரவுக்கரம் நீட்டிற்று. ஆதரவும் எதிர்ப்பும் இடம் மாறுதல் நேற்று முளைத்த வழக்கமன்று என்பதற்கு இஃதொன்றே சான்று.

பின்னர் அவர் காங்கிரசில் சேர்ந்து, விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மாகாண உள்துறையை ஏற்றபோது, அவர்தம் மகன் மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமைக் கட்சியில் முழுமூச்சாய் இயங்கிக்கொண்டிருந்தார். அக்காலத்துப் பகைமை இன்றைய தொலைக்காட்சிச் சொற்போர் போன்றதன்று. 1949-இல் சென்னை மாகாணத்தில் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டது. 1950 பிப்பிரவரி 11-ஆம் நாள் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் அக்கட்சிக் கைதிகள் 22 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மலபார்ப் பகுதியினர். அரசும் எதிர்ப்பாளரும் பேசிக்கொள்ளும் பொது இடம் இல்லாதொழிந்தால் என்ன நேரும் என்பதை நம் மாவட்டம் கண்ணெதிரே கண்டது. சேலத்து மாணவர் பலரும் இந்நிகழ்ச்சியை அறியாதிருப்பது எமக்கு வருத்தம் தருவதே.

இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1952-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் அதே பொதுவுடைமைக் கட்சி மக்களவையில் எதிர்க்கட்சிகளுள் முதலிடம் பெற்றது. சிறையிலும் தலைமறைவிலும் இருந்தோர் அவைக்கு வந்து வினாத் தொடுத்தனர். பகை தீர்ந்துவிடவில்லை, அதற்கு ஓர் அவை கிடைத்தது, அவ்வளவே. சேலத்தில் வழக்கறிஞராயிருந்து, அந்நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராசாசி, 1952-இல் சென்னை முதலமைச்சரானதும் பொதுவுடைமையரையே தம் முதற் பகைவராக வெளிப்படையாய் அறிவித்தார். அவரே 1967-இல், தாம் தோற்றுவித்த சுதந்திராக் கட்சியுடன், மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியும் அங்கம் வகித்த தி.மு.க. கூட்டணியில் இருந்தார்! அரசியலில் பகைவர் என்னும் சொல்லுக்கு ஆயுள் குறைவு போலும்.

1957-இல் அமைந்த இரண்டாம் மக்களவையே நம் கருத்துக்கு உயிரான சான்று. திருச்செங்கோட்டிலிருந்து காங்கிரசு உறுப்பினராகச் சுப்பராயன் சென்றார். கோயம்புத்தூரிலிருந்து பொதுவுடைமைக் கட்சி உறுப்பினராகச் சென்றவர் அவர் மகள் பார்வதி கிருட்டிணன். 1959-இல் தந்தையார் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சரானார். மறு ஆண்டு சூலையில் நடுவண் அரசு ஊழியர் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதில் பெரும்பங்கு கொண்டோர் அஞ்சல், தந்தி ஊழியர். அதாவது தந்தையாரின் துறையினர். அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அடக்க முனைந்தது. மகளின் கட்சியோ ஊழியர் பக்கம் நின்றது. கொள்கையில் ஒருவரும் ஒரு சாணும் விட்டுக்கொடுத்தாரல்லர். ஆயினும், எதிர் இருக்கையில் அமர்ந்திருப்பவர் நாட்டுக்குக் கேடு சூழ்பவர் என்று கருத இருவராலும் இயலாது. ஒரே வீட்டில் உண்டு வளர்ந்தவர்களல்லரோ! மற்ற உறுப்பினர்க்கு அத்தகைய உறவு இல்லை என்பது மெய்தான். எனினும் ஆண்டுதோறும் நெடுநாள் கூடியிருந்து வாதிட்ட பழக்கமே அவர்களிடையே ஒருவகை உறவை உண்டாக்கிற்று. முதல் மக்களவை தன் ஐந்தாண்டுக் காலத்தில் 677 நாள் கூடியது.

இனி, நிலை திரிந்த காரணத்தைக் காண்போம். 1967-க்குப் பின் கட்சித்தாவல் பெருகிற்று. அரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரு வாரத்தில் மும்முறை கட்சி மாறியதை நாடே எள்ளி நகையாடியது. அதற்கு மருந்தாக 1985-இல் அரசியலமைப்பின் 52-ஆம் திருத்தம் வந்தது. கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவி இழப்பார். நோய்க்கு ஏற்ற மருந்துதான். ஆனால் அது தன் கட்சியின் கருத்தை அவையில் மறுக்கும் நேர்மையாளர் வாயையும் கட்டிவிட்டது. வாக்கு முன்னரே முடிவாகிவிட்டபின், எதிரணியார் எவ்வளவு நயம்பட எடுத்துரைத்தாலும் மனம் மாறி வாக்களிக்க யார் உளர்? மாற்றவியலாதவரிடம் வாதிடுவது வீண் என்று உணர்ந்தோர் கூச்சலை நாடுகின்றனர். பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நாட்டில், இடித்துரைத்தல் இவ்வாறு இரைச்சலாய்த் தேய்ந்தது.

1999 ஏப்பிரல் 17-ஆம் நாளை எண்ணிப் பார்ப்போம். அ.இ.அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாச்பாயி அரசு நம்பிக்கை வாக்குக் கோரிற்று. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அதுவரை எதிர்த்த தி.மு.க. அன்று அரசுக்கு வாக்களித்தது. தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோசு, தம் கட்சியின் ஆணையை மீறி அரசுக்கு எதிராக வாக்களித்துக் கட்சியினின்று நீக்கப்பட்டார். கவிழ்ந்த அமைச்சரவையில் மின்துறையை வகித்தவர் மோகனின் மைந்தர் அரங்கராசன் குமாரமங்கலம். காங்கிரசின் சார்பில் சேலத்திலிருந்து மும்முறை மக்களவைக்குச் சென்று, பிறகு பாரதிய சனதாவில் சேர்ந்தவர். திருச்சிராப்பள்ளியில் அவர் 1998-இல் வென்றது அ.இ.அ.தி.மு.க. துணையோடு, 1999-இல் வென்றது தி.மு.க. துணையோடு. ஒருவருக்கொருவர் முகம் பாராத இரு கழகங்களும் ஈராண்டில் ஒரே வேட்பாளருக்கு வாக்குக் கேட்டன. கட்சிகளிடையே காணும் பிளவு கொள்கையால் விளைந்ததென்று இதன்பின்னும் நம்புவோர் பெருந்தன்மை மிக்கவரே.

அண்மைக் காலத்து நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. 2010-இல் அலைக்கற்றை விவகாரத்தில் கூட்டு நாடாளுமன்றக் குழு கேட்டு, அன்றைய எதிர்க்கட்சியாகிய பாரதிய சனதா முதலியன குளிர்காலக் கூட்டத்தொடரையே முடக்கின. அக்கட்சி ஆளுங்கட்சியாயிருந்த 2023 திசம்பரில் ஈரவையிலும் எதிர்க்கட்சி உறுப்பினர் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 2019-இல் தொடங்கி முழுக்காலமும் நிறைவு செய்த 17-ஆம் மக்களவை கூடிய நாள் 274 மட்டுமே. அவ்வவைக்குத் துணைத்தலைவரே தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இவ்வமளியில் முதலில் பறிபோவது கேள்வி நேரமே. சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்குரிய வரி பற்றியோ, நாமக்கல் லாரித் தொழிலுக்குரிய சுங்கக் கட்டணம் பற்றியோ ஓர் உறுப்பினர் வினா அனுப்பியிருந்தால், அவை ஒத்திவைக்கப்பட்டாலும் அமைச்சரின் எழுத்து விடை மேசைமீது வைக்கப்பட்டதாகிவிடும். அவ்விடை போதாதென்று எழுந்து நின்று துணைக்கேள்வி கேட்கும் வாய்ப்பு மட்டும் இராது.