மேட்சுக்குள் ஒரு மூக்கு

கோவில்பட்டியிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். "எங்கள் ஊரில் இரண்டு மேட்ச் உண்டு சார். ஒன்று ஹாக்கி மைதானத்தில் நடக்கிறது. இன்னொன்று தீப்பெட்டி ஆபீஸ் போர்டுகளில் தொங்குகிறது. எழுத்து ஒன்றுதான். வார்த்தையும் ஒன்றுதானா? நடுவில் அந்த 'டி' எதற்கு? வாத்தியாரிடம் கேட்டால் மனப்பாடம் பண்ணு என்கிறார்."

இந்தக் கேள்வியைக் கேட்கக் கோவில்பட்டியைவிட்டால் வேறு ஊர் கிடையாது. 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். தீப்பெட்டியைப் பற்றியோ யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நேரடியான பதில்: ஒரே வார்த்தை இல்லை. நான் படித்த வகுப்பில் இரண்டு மாடசாமிகள் உண்டு. இனிஷியலும் ஒன்றே. ஆனால் ஒருவனுக்கொருவன் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்த இரண்டு மேட்சும் அப்படித்தான்.

ஹாக்கி மேட்ச் பழைய ஆங்கிலத்துக்குச் சொந்தமானது. அங்கே அதற்குப் பொருள் ஜோடி, துணை, இணையானவர். சரிக்குச் சரியாக நிற்கும் இரண்டு பேர் மோதினால் அது போட்டி. சரிக்குச் சரியான இரண்டு குடும்பம் சம்பந்தம் பேசினால் அதுவும் மேட்ச். ஜவுளிக்கடையில் 'மேட்சிங் பிளவுஸ்' கேட்பதும் அதே வகையறா. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

எனக்குப் பிடித்தது மற்றது. தீப்பெட்டி மேட்ச் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'மெஷ்' என்றால் விளக்குத்திரி. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் திரி என்ற பொருளோடுதான் நுழைந்தது. பிரெஞ்சுக்கு முன்னால் போனால் லத்தீன். அங்கே 'மிக்சா' என்பது விளக்கில் திரி படுக்கும் முனை. அதற்கும் முன்னால் கிரேக்கம். அங்கே அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது: மூக்குச்சளி.

அருவருப்பாக இருந்தால் கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூம்பி நீண்டிருக்கிறது. அதில் திரி கிடக்கிறது. எண்ணெய் மிஞ்சினால் அந்த நுனியில்தான் கசிந்து, சொட்டாகத் திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கும். சளி பிடித்த பிள்ளையின் மூக்கு வேறெப்படி இருக்கும்? கிரேக்கக் குயவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. டாக்டர்கள் சொல்லும் 'மியூக்கஸ்' இந்தச் சொல்லுக்குப் பங்காளி. லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கு வந்த வழியில் மட்டும் அகராதிக்காரர்கள் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். நாமும் போட்டுக்கொள்வோம்.

இதைப் படித்ததுமே ஒருவர் போனை எடுத்திருப்பார்: மியூக்கஸ், மூக்கு, ஆகவே ஆங்கிலத்துக்குத் தாய் தமிழ்! தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்த ஐரோப்பியச் சொற்குடும்பத்தின் வேர்ப்பொருள் மூக்கு அல்ல, வழவழப்பு. ஓசை ஒத்துப்போனதாலேயே உறவாகிவிடாது. ஓசையை மட்டும் வைத்து வம்சாவளி எழுதுகிறவர்களால் தமிழுக்குக் கெட்ட பெயர்தான் மிச்சம்.

தமிழுக்கு நிஜமான பெருமை வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. தீக்குச்சிக்கு நம் பாட்டிகள் சொல்லும் பெயர் என்ன? வத்திக்குச்சி. ஊதுவத்தி, மெழுகுவத்தியில் வரும் அதே வத்தி. சமஸ்கிருத 'வர்த்தி'யின் வழியாக வந்தது, பொருள் திரி. ஆங்கிலேயர் திரிக்கு வைத்திருந்த பெயரைத் தீக்குச்சிக்குக் கொடுத்தார்கள். அவர்களைக் கேட்காமலேயே நாமும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

திரி எப்படிக் குச்சியானது? இடையில் ஒரு துப்பாக்கி வருகிறது. பழைய காலத்துத் துப்பாக்கியில் வெடியுப்பில் ஊறவைத்த கயிறு ஒன்று கனன்றுகொண்டே இருக்கும். விசையை இழுத்தால் அந்தக் கங்கு வெடிமருந்தைத் தொடும். அந்தக் கயிற்றின் பெயர் மேட்ச். 1799-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது ஆங்கிலத்தில் மேட்ச் என்றால் இந்தக் கயிறு. அல்லது நுனியில் கந்தகம் தொட்ட சிராய். சிராய் தானாகப் பற்றாது, எரிகிற கங்கில் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

உரசினால் பற்றும் குச்சிக்கு இன்னும் 28 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827 ஏப்ரலில் அதை விற்கத் தொடங்கினார். காப்புரிமை வாங்கவில்லை. லண்டனில் இன்னொருவர் அதையே 'லூசிபர்' என்று பெயரிட்டு விற்றார். சாத்தானின் பெயர் கொஞ்ச காலம் ஓடிப் பார்த்தது, கடைசியில் பழைய திரியின் பெயரே நிலைத்தது.

பிறகு வெள்ளைப் பாஸ்பரஸ் வந்தது, தொழிலாளிகளின் தாடையெலும்பை அரித்தது. ஸ்வீடன்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். பற்றவைக்கும் பொருளைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கத்தில் பூசிவிட்டார்கள். இன்றைக்கும் அதுதான். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். உரசும் சூட்டில் துளி பாஸ்பரஸ் பற்றுகிறது, அது தலையைப் பற்றவைக்கிறது. ஆனால் தலை ஒரு நொடிதான் சீறும். அந்தத் தீயைப் பிடித்து மரத்துக்குக் கடத்துவது குச்சியில் முன்பே ஏற்றிவைத்த மெழுகு. திரி செய்யும் வேலைதான் அது. பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

நம் பக்கம் இது வந்த கதை: 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டு சொந்த ஊரில் தொடங்கினார்கள். மழை பொய்க்கும் பூமி, காய்ந்த காற்று, விளைச்சல் இல்லாத மாதங்களில் சும்மா இருக்கும் கைகள். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று கரிசல் முழுக்கப் பரவ வேறென்ன வேண்டும்? இங்கே லேபிள் ஒட்டி வடக்கே போகும் பெட்டியை அங்கே 'மாச்சிஸ்' என்று கேட்டு வாங்குகிறார்கள். ஆங்கிலத்தின் பன்மை அப்படியே இந்தியில் ஒருமையாகிவிட்டது.

சொற்கள் இத்தனை தூரம் பயணிக்கும்போது, ஊருக்குள் இருப்பவை சத்தமில்லாமல் போகின்றன. கட்டை அடுக்குவது என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? காடி வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று முட்டாமல், பார்க்காமலேயே விரல் அடுக்கிக்கொண்டு போகும். அப்படி அடுக்கிய கட்டையை முதலில் மெழுகில், பிறகு மருந்தில் முக்குவார்கள். 'மருந்து' என்பது அங்கே நோய்க்கு அல்ல. 'ஆபீஸ்' என்பது அங்கே மேசை நாற்காலிக்கு அல்ல, தொழிற்சாலைக்கு. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளின் விரல்களும் ஒரு காலத்தில் அந்தக் கட்டைகளை அடுக்கின. அந்தக் கதையும் இந்தச் சொற்களுக்குள்தான் இருக்கிறது. இப்போது இயந்திரம் முக்குகிறது, லைட்டர் வந்து சந்தையில் ஒரு பங்கைப் பிடித்தது. கைவேலை போனால் அதன் சொற்களும் கூடவே போகும். இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சுக்கு அகராதி தொகுத்தார். தீப்பெட்டி ஆபீசுக்கென்று தனியாக ஒன்றை யாராவது தொகுக்கக் கூடாதா? கடிதம் எழுதிய தங்கச்சிக்கே சொல்கிறேன்: ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தெருவிலுள்ள அத்தைமாரிடம் போய் உட்காரும்மா. அந்தச் சொற்கள் இன்னும் அவர்கள் வாயில் இருக்கின்றன.

அந்த 'டி'யை மறக்கவில்லை. முன்பு ஆங்கிலேயர் இந்த ஓசையை 'சி'யை இரட்டித்து, எம், ஏ, சி, சி, எச், இ என்று எழுதினார்கள். பிறகு முதல் 'சி' இருந்த இடத்தில் 'டி' வந்து உட்கார்ந்தது. அதாவது அது தனி எழுத்தாக ஒலிப்பதற்கில்லை, இரட்டிப்புக் குறி. பசைக்கும் பச்சைக்கும் நடுவே நாம் ஒரு 'ச்' வைப்பது மாதிரி. ஆங்கில உச்சரிப்பில் குறில் உயிருக்கு அடுத்து வந்தால் 'டி' உண்டு: மேட்ச், கேட்ச், கிட்சன் (தமிழில் 'மே' என்று நீட்டி எழுதினாலும் அங்கே அது குறில்தான்). நெடில் வந்தாலோ மெய் வந்தாலோ இல்லை: டீச், பெஞ்ச். அடங்காதவையும் உண்டு: ரிச், மச், சச், விச் ('எது') போன்றவை. இவற்றுக்கு வாத்தியார் சொன்ன மனப்பாடம்தான்.