தேர்வு அளக்க வேண்டியது எதை?

தாமிரபரணிக் கரையிலுள்ள நெல்லையின் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றிவிட்டன. எனினும் வேலைக்கான எழுத்துத் தேர்வு இன்றும் பல இடங்களில் அறிவை விடக் கையின் வேகத்தையே அளக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உட்பட 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கியது. ஆனால், தேர்வர் சொல்லச் சொல்ல எழுதித்தரும் துணையாளர் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உடையோருக்கே உரியவர் என்று அதிகாரிகள் வாதிட்டபோது, எழுதுகையில் கைத்தசை இறுகும் நிலையுடைய தேர்வர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், துணையாளரைப் பெறுவதற்கு அந்த வரம்பு பொருந்தாது என 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிகச் சரியான தீர்ப்பு அது. நெல்லையின் தனியார் நிறுவனங்களும், விண்ணப்பிப்பவருக்கு எந்த வசதி தேவை என்பதை வேலை அறிவிப்பிலேயே கேட்க வேண்டும்.