கடைக் கணக்கு ஒரு டிரைவில், லினக்ஸ் இன்னொரு டிரைவில்: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் வைப்பது எப்படி?

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வெளியே லாரியில் கம்பி ஏறிக்கொண்டிருக்கும். உள்ளே மேசை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். பில், ஸ்டாக், ஜி.எஸ்.டி. என எல்லாமே அதிலுள்ள டேலியில்தான். கல்லூரியில் படிக்கும் மகள் கேட்கிறாள்: "அப்பா, இதுல லினக்ஸ் போட்டுக்கட்டுமா?" உடனே பதில் வரும்: "கணக்கெல்லாம் அதுலதாம்மா இருக்கு. கை வைக்காத!"

அப்பாவின் பயம் நியாயமானது. மகளின் தேவையும் நியாயமானது. டேலிக்கு விண்டோஸ் வேண்டும். படிப்புக்கு லினக்ஸ் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரில் இணைய வேலைகளை லினக்ஸுக்கு மாற்றிக்கொள்வது கடைக்கும் நல்லதுதான்.

டூயல் பூட் நமக்குப் புதுசா?

இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்திலேயே விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஆனால், அங்கே இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. கடைக் கம்ப்யூட்டருக்கு அது சரிப்படாது.

ஏன் தனி டிரைவ்?

ஒரே டிரைவைப் பிரித்து லினக்ஸ் போடும்போது, தவறான பகுதியைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு மொத்தமும் போய்விடும். தனி டிரைவில் அந்த ஆபத்து குறைவு. ஒரு டிரைவ் பழுதானாலும் மற்றது ஓடும்.

ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. லினக்ஸை இரண்டாவது டிரைவில் போடச் சொன்னாலும், கம்ப்யூட்டரை எழுப்பும் சின்ன ஃபைலான 'பூட்லோடரை' சில இன்ஸ்டாலர்கள் விண்டோஸ் டிரைவிலேயே வைத்துவிடும். நாளைக்கு அந்த டிரைவைக் கழற்றினால் லினக்ஸும் எழும்பாது. இதற்கு ஒரே உறுதியான வழி, இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் டிரைவைக் கழற்றி வைப்பது.

எப்படிச் செய்வது?

1. முதலில் டேலி டேட்டாவை பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பேக்கப் எடுங்கள். அது திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் பார்த்துவிடுங்கள்.

2. விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் எதையாவது மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

3. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'பை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் ஃபைல்களைத் தொடுவது ஆபத்து.

4. வேறொரு 8 ஜி.பி. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றுங்கள். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். பென் டிரைவில் இருக்கும் பழைய ஃபைல்கள் அழிந்துவிடும். எனவே, பேக்கப் எடுத்த பென் டிரைவைப் பயன்படுத்தாதீர்கள்!

5. கம்ப்யூட்டரை அணைத்து பவர் ஒயரைப் பிடுங்குங்கள். விண்டோஸ் டிரைவின் கேபிளைக் கழற்றி, புது எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துங்கள். பவர் கொடுங்கள்.

6. பென் டிரைவிலிருந்து பூட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 'டிரைவை முழுசாக அழிக்கவா?' என்று கேட்டால் இப்போது தைரியமாக 'சரி' சொல்லலாம். உள்ளே இருப்பது புது டிரைவ் மட்டும்தான்.

7. மறுபடி அணைத்து, விண்டோஸ் டிரைவை மாட்டுங்கள். பயாஸில் விண்டோஸையே முதலாவதாக வையுங்கள். கடையில் யார் ஆன் செய்தாலும் வழக்கம்போல டேலி வரும். லினக்ஸ் வேண்டியபோது, ஆன் செய்ததும் பூட் மெனு பட்டனை அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9.

எதில் கவனம் வேண்டும்?

லினக்ஸுக்குப் போய்விட்டுத் திரும்பினால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதை இந்திய நேரமாக எடுத்துக்கொள்ளும். பில் நேரம் குழம்பாமலிருக்க, உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தும்படி லினக்ஸை மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் இரண்டாவது டிரைவைக் காட்டி, 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

தனி டிரைவ் எல்லாவற்றுக்கும் கவசமல்ல. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸை எழும்பவிடாமல் செய்தது. அந்த 'செக்யூர் பூட்' மாற்றம் மதர்போர்டில் பதிவானதால், லினக்ஸ் எந்த டிரைவில் இருந்தாலும் பாதிப்பு வந்தது. ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே ஆறுதல்.

இன்னொன்று: இரண்டு டிரைவ் இருப்பது பேக்கப் ஆகிவிடாது. மின்சாரக் கோளாறில் இரண்டும் சேர்ந்தே போகலாம். பேக்கப் டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, வீட்டில் வையுங்கள். அதற்குப் பிறகு, "போட்டுக்கம்மா" என்று அப்பா நிம்மதியாகச் சொல்லலாம்.