செவ்வாயின் மெலிந்த காற்றில் ஒரு ஹெலிகாப்டர்

மைசூரிலிருந்து சாமுண்டி மலைமீது ஏறுவோர் காற்றின் அடர்த்தி சற்றே குறைவதை உணர்வதில்லை. செவ்வாய்க் கிரகத்திலோ, தரைமட்டத்திலேயே காற்றின் அடர்த்தி நமது கடல்மட்டக் காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். பூமியில் அத்தகைய காற்றைக் காண 30 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். காற்றைக் கீழே தள்ளியே ஹெலிகாப்டர் மேலெழுகிறது. தள்ளுவதற்குக் காற்றே அரிதாயின் யாது செய்வது?

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற பாப் பலராம் தலைமைப் பொறியாளராக இருந்த அமெரிக்கக் குழுவினர் இதற்கு விடை கண்டனர். அவர்கள் அமைத்த ‘இன்ஜெனூயிட்டி’யின் நிறை 1.8 கிலோகிராம் மட்டுமே. 1.2 மீட்டர் நீளமுள்ள அதன் இரு சுழலிகளும் எதிரெதிர்த் திசைகளில், நிமிஷத்திற்குச் சுமார் 2,400 தடவை சுழன்றன. செவ்வாயின் ஈர்ப்பு நமது ஈர்ப்பில் ஐந்தில் இரு பங்கிற்கும் குறைவாயிருப்பதும் துணை புரிந்தது.

வானொலிக் கட்டளை அங்குச் சென்றடையப் பல நிமிஷங்களாகும். ஆதலால் பூமியிலிருந்து கைப்பட ஓட்டுதல் இயலாது. தரையைப் படமெடுத்து, கற்களையும் மேடுபள்ளங்களையும் அடையாளமாகக் கொண்டு, அக்கருவி தன் இயக்கத்தைத் தானே கணித்தது.

2021 ஏப்ரல் 19 அன்று அது 3 மீட்டர் உயரம் எழுந்து, 39 வினாடிகள் பறந்து இறங்கியது. ஐந்து பறப்புகளுக்கெனத் திட்டமிடப்பட்டது, 72 முறை பறந்தது. 2024 ஜனவரி 18 அன்று, அடையாளங்கள் அரிதான மணற்பரப்பின்மேல் கணிப்புத் தவறியதால், இறங்குகையில் இறக்கைகள் முறிந்தன என்பது ஆய்வாளர் முடிவு.

மெலிந்த காற்று அதனைத் தடுக்கவில்லை. அடையாளமற்ற தரையே தடுத்தது. இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் நன்று.