கம்பி போட்ட பல்லுக்கு எந்த பிரஷ்?

பல்லுக்குக் கம்பி போட்டதும் பலர் செய்கிற முதல் காரியம், கெட்டியான பிரஷ்ஷாகப் பார்த்து வாங்குவது. கம்பிக்கு அடியில் சிக்கிய கீரை நாரையும் பருப்பையும் எடுக்க வலு வேண்டாமா என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. பல்லைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரிகிற கீரை நார் அன்று. பல்லோடு ஒட்டிக்கிடக்கும் கிருமிப் படலம். அது பிசுபிசுப்பானது, நகத்தால் வழித்தாலே வந்துவிடும். பிரஷ்ஷின் நார் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும், வலு வேண்டாம். அந்தப் படலமே இறுகிக் காரையாகிவிட்டால் எந்த பிரஷ்ஷாலும் வராது. பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஆக, ஹார்டு பிரஷ்ஷுக்கு இந்த வாயில் வேலையே இல்லை.

கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கி ஒரு பல்லை உற்றுப் பாருங்கள். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீற்று தெரியும். படலம் அதிகம் தங்குவது அங்கேதான். அதிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விட, எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரைகிறது. சரியாகத் தேய்க்காமல் விட்டால் 4 வாரத்திலேயே வெள்ளைத் திட்டு தென்படலாம். ஒன்றரை, இரண்டு வருஷம் பொறுத்துக் கம்பியைக் கழற்றும் நாளில், நேராகிவிட்ட பல்லில் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் கம்பி போட்ட பிள்ளைக்கு எப்படி இருக்கும்! கெட்டி நார் பட்டால் முதலில் வலிப்பதும் ஈறை ஒட்டிய இந்தக் கீற்றுதான். வலிக்கிற இடத்தைக் கை தானாகவே தாண்டிப் போய்விடும். கம்பியை முறுக்கிவிட்டு வந்த முதல் இரண்டு மூன்று நாள் கேட்கவே வேண்டாம். பிரஷ் இதமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எனவே சின்னத் தலை, சாஃப்ட் நார். வலி மிகுந்த நாட்களுக்கு எக்ஸ்ட்ரா சாஃப்ட். மெல்லிய நார்தான் வளைந்து இடுக்குக்குள் நுழையும். 1948-லேயே அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ், நார் 0.007 அங்குலக் கனத்தில், நுனி மழுங்கியதாக இருக்க வேண்டும் என்றார். பிரஷ்ஷைச் சாய்த்து, பிராக்கெட்டுக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என மெதுவாகத் தேய்க்க வேண்டும். கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே பிரஷ் முழுதாக எட்டாது. அங்கே பாட்டில் பிரஷ்ஷின் குட்டி போலிருக்கும் இன்டர்டென்டல் பிரஷ்ஷை நுழைக்க வேண்டும்.

நடுவில் பள்ளம் வைத்த ஆர்த்தோ பிரஷ்தானே சரி என்பார்கள். நல்லதுதான், பள்ளம் பிராக்கெட் மீது பாந்தமாக உட்காரும். ஆனால் அதையும் ஈறுப் பக்கம் சாய்க்காவிட்டால் அந்தக் கீற்று அப்படியே நிற்கும். கிடைக்காத ஊரில் அதற்காக அலைய வேண்டியதில்லை. எலக்ட்ரிக் பிரஷ்? 2014-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், மூன்று மாதத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு, சாதா பிரஷ்ஷால் தேய்த்தவர்களைவிடப் படலம் 21 சதவீதம் குறைந்திருந்தது. அது பொதுவான கணக்கு. கம்பி போட்டவர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வசதியுள்ளவர்கள் வாங்கட்டும், மற்றவர்கள் ஏங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கை அடிக்கடி பிரஷ் மாற்றச் செலவிடலாம். கம்பியில் உரசி உரசி நார் சீக்கிரமே விரிந்துவிடும். விரிந்த நார் கீற்றுக்குள் போகாமல் ஈறைக் குத்தும். மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திராமல், நார் பரப்பிக்கொண்ட அன்றே மாற்றிவிடுங்கள்.