புல்தரையில் கருகல்: நாயின் சிறுநீரும் யூரியாவும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பைப் பகுதிகளில் வயலும் வீட்டு மனையும் இன்று பக்கம் பக்கமாகவே இருக்கின்றன. வாசலில் கொஞ்சம் புல்தரை, கொல்லையில் நான்கு கீரைப் பாத்தி, காவலுக்கு ஒரு நாய் என்று வாழும் குடும்பங்கள் இங்கே பல. இத்தகைய இடங்களில் புல்தரை தட்டு அளவுக்கு வட்ட வட்டமாகக் காய்ந்து போவதைக் காணலாம். பூஞ்சாண நோய் என்றோ வேர்ப்புழு என்றோ எண்ணி மருந்து வாங்கித் தெளிப்பவர்கள் உண்டு. செலவுதான் மிச்சம்.

காரணத்தை அறிய எளிய வழி இருக்கிறது. காய்ந்த புல்லைக் கையால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வேர்ப்புழு கடித்திருந்தால் பாயைச் சுருட்டுவதுபோல் புல் பெயர்ந்து வரும். நாயின் சிறுநீரால் காய்ந்திருந்தால் வேர் பிடிப்பு விடாது. மேலும், நடுவில் வைக்கோல் நிறமாகக் காய்ந்திருக்க, சுற்றிலும் கரும்பச்சையாக ஒரு வளையம் செழித்து நிற்கும்.

இந்தப் பச்சை வளையம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. நாயின் சிறுநீரில் உள்ள முக்கியப் பொருள் யூரியா. அதனுடன் உப்புகளும் உண்டு. கடையில் வாங்கும் யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அதை அளவோடு இட்டால் பயிர் பச்சை கட்டுகிறது. ஒரு பிடியை அப்படியே தூரில் கொட்டினால் பயிர் கருகுகிறது. புல்தரையில் நடப்பதும் இதுவே. சிறுநீர் விழுந்த நடுப்பகுதியில் சத்து மிஞ்சிப் புல் சாகிறது. ஓரத்துக்குக் கசிந்த சிறிதளவு உரமாகிறது. ஆகவே இது நோயன்று. அளவு மீறிய உரம்.

பெட்டை நாய்தான் புல்லைக் கெடுக்கும், ஆண் நாய் கெடுக்காது என்று சொல்வார்கள். சிறுநீரில் வித்தியாசம் ஏதுமில்லை. பெட்டையும் குட்டிகளும் குந்தி உட்கார்ந்து முழுவதையும் ஒரே இடத்தில் விடுகின்றன. வளர்ந்த ஆண் நாய் காலைத் தூக்கிக் கம்பத்திலும் சுவரிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அங்கே கெடுவது புல் அல்ல, சுவரும் இரும்புக் கதவின் அடிப்பக்கமும்.

பரிகாரம் தண்ணீர்தான். கொலராடோ மாநிலத்துக் கால்நடை மருத்துவரும் பின்னாளில் அமெரிக்க செனட் உறுப்பினராக இருந்தவருமான வேய்ன் அல்லார்டு, 1981-இல் நான்கு வகைப் புற்களில் இதைச் சோதித்து வெளியிட்டார். எட்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் விட்ட இடங்களில் கருகல் காணவில்லை. 12 மணி நேரம் கழித்து விட்ட இடங்களில் கருகல் கூடியது. அந்த நான்கில் எளிதில் கருகியவற்றுள் பெர்முடா புல்லும் ஒன்று. அது வேறெதுவுமன்று, அருகம்புல்லேதான்.

எனவே நாய் இரவில் நனைத்த இடத்துக்கு விடிந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் விட வேண்டும். நாய் விட்டதைப்போல் பல மடங்கு தண்ணீர், அரை வாளியாவது, அதே இடத்தில் மெதுவாக ஊற்றி மண்ணுக்குள் இறங்கச் செய்வது நல்லது. தெளித்துவிட்டுப் போவதில் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை குறைந்து, கத்திரி வெயிலில் மிகுவதற்கும் காரணம் தண்ணீரே. நாய் நடமாடும் புல்தரைக்கு யூரியா இடும்போது அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே கிடைப்பதுடன் சேர்ந்தால் கருகல் சீக்கிரம் வரும்.

சுண்ணாம்பு, ஜிப்சம் தூவுவதால் மிஞ்சிய தழைச்சத்து போய்விடாது. புளிப்பைக் குறைக்கவென்று நாயின் சோற்றில் தக்காளி, வினிகர் கலப்பதும் வீண். கருகலுக்குக் காரணம் புளிப்பல்ல. நிறையத் தண்ணீர் குடிக்கட்டும் என்று உப்பைக் கூட்டுவது நாய்க்கே ஆபத்து. சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலை வாசலில் வைக்கும் வழக்கம் சென்னைப் புறநகரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதன் பக்கத்திலேயே நாய் காலைத் தூக்குவதையும் பார்க்கலாம்! அந்துருண்டை போடுவது நஞ்சு வைப்பதற்கு ஒப்பாகும். குழந்தைகள் உள்ள வீட்டில் கூடவே கூடாது.

கருகிய இடத்தில் காய்ந்த புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் நன்றாகத் தண்ணீர் கட்டி உப்பை அடியில் இறக்க வேண்டும். பிறகு களைக்கொத்தால் மண்ணைக் கிளறி, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து, நாலு விரல் இடைவெளியில் அருகம்புல் தண்டுகளை ஊன்றி மிதித்துவிட வேண்டும். அருகு எளிதில் கருகினாலும் ஓடிப் படர்ந்து சீக்கிரம் மூடிக்கொள்ளும். அழகுக்காகப் பலர் வாங்கும் கொரியன் புல் மெதுவாகவே படரும். நாய் வளர்ப்பவர்கள் அதை நன்கு யோசித்தே போட வேண்டும்.

கீரைப் பாத்தியில் நஷ்டம் இன்னும் கூடுதல். புதிதாகக் கொத்திய மண்ணும், எலும்புத்தூள், மீன் உரம் ஆகியவற்றின் வாசனையும் நாயை இழுக்கும். முளைத்து வரும் சிறுகீரை ஒரே நாளில் கருகிவிடும். விதைத்த பாத்தியைக் கருவேல முள்ளால் மூடி வைக்கலாம். நாய்க்கென்று ஒரு மூலையில் மணல் கொட்டி ஒரு கட்டையை நட்டு, அது நனைத்த மண்ணில் கொஞ்சத்தை அங்கே போட்டால் வாசனை பிடித்து அங்கேயே போகப் பழகும். அங்கே போனபோதெல்லாம் ஒரு துண்டு ரொட்டி கொடுத்தால் இன்னும் சீக்கிரம் பழகும்.

வீட்டுக்குள் நனைத்துவிட்டால் முதலில் துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, பின் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். மொசைக், பளிங்குத் தரைக்கு வினிகர் ஆகாது, சோப்பு போதும். அம்மோனியா வாடையுள்ள திரவங்கள் சிறுநீர் வாடையையே நினைவூட்டி நாயை மறுபடி வரவழைக்கும். கழுவாத சிறுநீரின் மீது பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு எழும். நன்றாகக் கழுவிய பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். சாணம் மெழுகிய தரையானால் நனைந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு மெழுகுவதே வழி.

புல் போனால் மறுபடி நடலாம். கவனிக்க வேண்டிய பெரிய ஆபத்து எலிக் காய்ச்சல். இதன் கிருமி எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீர் வழியே வெளிவருகிறது. காய்ந்த தரையில் சீக்கிரம் சாகும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உடலுக்குள் நுழையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய காலத்தில் வெறுங்காலுடன் தண்ணீரில் இறங்கக் கூடாது. நாய் நனைத்த பாத்தியில் களை எடுப்பவரும் காலணி, கையுறை அணிவது நல்லது. கீரையைப் பல தடவை அலசி, வேகவைத்தே உண்ண வேண்டும்.

நாய்க்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இந்நோய்க்கான மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி வேறு, இது வேறு. மழைக்குப் பின் வீட்டில் யாருக்காவது கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் சதை வலியும், கண் சிவப்பும் கண்டால் கடை மாத்திரையோடு நிற்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று, வயலில் வேலை செய்வதையும் வீட்டில் நாய் இருப்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.